ரப்பரை மட்டும் மாத்தினா போதுமா?

ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை விடுறீங்க. அடியில இருந்து 'டொக்'னு ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டா இன்னொரு 'டொக்'. கியர் லீவர் தானாவே ஒரு பக்கம் சாயுது. சிக்னல்ல ஐடிலிங்ல நிற்கும்போது டேஷ்போர்டு, சைடு மிரர், உங்க பல்லு எல்லாம் சேர்ந்து ஆடுது. வீட்டுல பழைய ஜீப்போ, மேஜரோ, முதல் தலைமுறை தாரோ வெச்சிருக்கிறவங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது. மெக்கானிக்கிட்ட போனா ஒரே வரியில பதில் வரும்: "மவுண்டிங் போயிடுச்சு, மாத்திடலாம்."

மாத்திடலாம்தான். ரெண்டு மூணு நட்டு போல்ட்டு, ஒரு ஜாக்கி, அரை நாள் வேலை. ஆனா அதே மவுண்டிங் ஆறு மாசத்துல திரும்பவும் கிழிஞ்சு வந்து நின்னா? அப்போ ரப்பரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அது ஏன் கிழிஞ்சதுன்னு யாரும் பார்க்கலன்னு அர்த்தம். நாலு வருஷமா டைனமிக்ஸும் வைப்ரேஷனும் படிச்சு அரியர் வெச்சு கிளியர் பண்ணின நமக்கு, அதைப் பார்க்கத் தேவையான எல்லாமே சிலபஸ்லயே இருக்கு. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

இதைப் பேச நம்ம ஏரியாவை விடப் பொருத்தமான இடம் கிடையாது. கூடுவாஞ்சேரியில லோக்கல் டிரெயின் ஏறினா பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், அடுத்து பரனூர். பரனூர்ல இறங்கினா மஹிந்திரா சிட்டி. அதுக்குள்ள இருக்கிற மஹிந்திரா ரிசர்ச் வேலியிலதான் 2020-ல வந்த புது தாரை உருவாக்கினாங்க. அந்த கேட்டுக்குள்ள நம்மளை விட மாட்டாங்க, அது வேற விஷயம். ஆனா ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்து ஷெட்கள்ல, பத்து பதினஞ்சு வருஷம் ஓடின ஜீப்புகளுக்கு அடியில படுத்துப் பார்க்க யாரும் ஐடி கார்டு கேட்க மாட்டாங்க.

மவுண்டிங்னா என்ன?

இன்ஜின், கியர்பாக்ஸ், ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா டிரான்ஸ்ஃபர் கேஸ், இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு போல்ட் பண்ணின ஒரே கட்டை. அதை அப்படியே சேஸிஸ் மேல இரும்போட இரும்பா வெச்சு முடுக்கினா, ஒவ்வொரு வெடிப்போட அதிர்வும் நேரா உங்க முதுகுக்கு வரும். ஆரம்ப காலக் கார்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்துச்சு. 1931-ல அமெரிக்காவுல பிளிமத் கார்ல, 'ஃப்ளோட்டிங் பவர்'னு பேர் வெச்சு, நாலு சிலிண்டர் இன்ஜினை ரெண்டு ரப்பர் மவுண்டிங்ல தொங்கவிட்டாங்க. இன்ஜினோட எடை மையம் வழியா போற ஒரு கோட்டுல, முன்பக்கம் உயரமா ஒண்ணு, பின்பக்கம் தாழ்வா ஒண்ணு. இன்ஜின் அந்தக் கோட்டைச் சுத்தி தன் இஷ்டத்துக்கு ஆடிக்கும், பாடிக்கு அந்த ஆட்டம் வராது. சிட்ரோயன் கம்பெனி அதை லைசென்ஸ் வாங்கித் தன் கார்கள்ல போட்டுச்சு. இன்னைக்கு எல்லா வண்டியிலயும் இருக்கிறது அந்த யோசனையோட பேரப்பிள்ளைங்கதான்.

நம்ம ஜீப் வகை வண்டிகள்ல இன்ஜின் நீளவாக்குல இருக்கும். பொதுவா முன்னாடி இன்ஜினோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மவுண்டிங், பின்னாடி கியர்பாக்ஸுக்கு அடியில கிராஸ் மெம்பர் மேல ஒண்ணு. ஒவ்வொண்ணும் ரெண்டு இரும்புத் தகடு, நடுவுல ஒட்டவெச்சு வல்கனைஸ் பண்ணின ரப்பர். அவ்வளவுதான். பார்க்க செருப்பு அடி மாதிரி இருக்கும். ஆனா அதுகிட்ட நாம கேட்கிறது ஒண்ணுக்கொண்ணு முரணான மூணு வேலை: எடையைத் தாங்கணும், அதிர்வை விழுங்கணும், டார்க் வரும்போது இன்ஜினைப் பிடிச்சு நிறுத்தணும். அதிர்வை விழுங்க மெதுவா இருக்கணும், பிடிச்சு நிறுத்தக் கடினமா இருக்கணும். எல்லா மவுண்டிங்கும் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமரசம்.

எவ்வளவு சுமை வருது?

இங்கதான் நிறைய பேர் தப்பா நினைக்கிறாங்க. 2010-ல வந்த தார் சிஆர்டிஇ-யோட 2.5 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கோங்க. டார்க் 247 நியூட்டன் மீட்டர். அப்போ மவுண்டிங்ல வர்ற டார்க்கும் 247-தானே? இல்ல.

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல போட்ட ஃப்ரீ பாடி டயக்ராமை ஞாபகப்படுத்திக்கோங்க. இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூணும் ஒரே பாடி. அதைச் சுத்தி ஒரு கோடு போடுங்க. இன்ஜினோட டார்க் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நடக்கிற விஷயம். கோட்டைத் தாண்டி வெளியே போறது எது? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் போற ரெண்டு ஜாயின்ட் ஷாஃப்ட்டு. அதுல எவ்வளவு டார்க் வெளியே போகுதோ, அதுக்குச் சமமா எதிர்த்திசையில மவுண்டிங் பிடிச்சாகணும். அதாவது மவுண்டிங் பார்க்கிறது இன்ஜின் டார்க்கை இல்ல, கியர்ல பெருகி வெளிய வர்ற டார்க்கை.

கணக்கு சுலபமா இருக்கட்டும்னு ஃபர்ஸ்ட் கியர் ரேஷியோ 4, லோ ரேஞ்ச் 2.5-னு வெச்சுக்குவோம். டாப் கியர்ல ஹைவேயில போகும்போது மவுண்டிங் மேல வர்றது கிட்டத்தட்ட 247 அளவுலதான். ஹை ரேஞ்ச் ஃபர்ஸ்ட்ல 988. லோ ரேஞ்ச் ஃபர்ஸ்ட்ல 2,470. அதே ரப்பர், பத்து மடங்கு சுமை. ஜி.எஸ்.டி. ரோட்டுல மட்டும் ஓடுற ஜீப்போட மவுண்டிங் வருஷக்கணக்கா இருக்கிறதும், ஏரிக்கரை சேத்துல இறங்குற ஜீப்போட மவுண்டிங் சீக்கிரம் போறதும் இதனாலதான்.

கொஞ்சம் உஷாரான ஆளு இங்க ஒரு கேள்வி கேட்கணும். 2,470 வர்றதுக்குள்ள டயர் வழுக்கிடாதா? வழுக்கும். 1,800 கிலோ வண்டி, நல்ல தரையில ஃபிரிக்‌ஷன் 0.7, டயர் ரேடியஸ் 0.37 மீட்டர், ஆக்ஸில் ரேஷியோ 4-னு போட்டா, நாலு சக்கரமும் வழுக்குற நேரத்துல ஜாயின்ட் ஷாஃப்ட்டுகள்ல இருக்கிற மொத்த டார்க் சுமார் 1,140 நியூட்டன் மீட்டர்தான். அதுக்கு மேல நிதானமா ஏத்த முடியாது. ஆனா நிதானமா ஏறுற சுமை மவுண்டிங்கைக் கொல்றதில்ல. ஒரு சக்கரம் காத்துல தொங்கி வேகமா சுத்திட்டு இருக்கும்போது வண்டி அசைஞ்சு, அது சட்டுனு கல்லு மேல உட்காருது பாருங்க, அந்த நொடிதான் கொலை நொடி. ஃப்ளைவீல்ல சேர்ந்திருக்கிற சக்தி முழுக்க ஒரே அடியா இறங்கும். கிளட்ச் வழுக்கிக் கொடுத்தா தப்பிச்சுது. இல்லன்னா ஜாயின்ட் ஷாஃப்ட்டு கிராஸ், ஆக்ஸில், மவுண்டிங், இதுல எது பலவீனமோ அது போகும்.

முதல்ல எந்தப் பக்கம் போகும்?

இதை நான் கிளாஸ்ல கத்துக்கல, ஷெட்லதான் கத்துக்கிட்டேன். வண்டிக்கு முன்னாடி நின்னு இன்ஜினைப் பார்த்தா, பெரும்பாலான இன்ஜின்ல கிராங்க் கடிகார முள் திசையில சுத்தும். முன்னோக்கிப் போற கியர்கள்ல வெளிய போற ஷாஃப்ட்டும் அதே திசைதான். அப்போ இன்ஜின் கட்டை எதிர்த்திசையில உருளப் பார்க்கும். வண்டியோட இடது பக்கம், மெக்கானிக் பாஷையில கிளீனர் சைடு, மேல எழும்பும். டிரைவர் சைடு கீழ அமுங்கும்.

ரெண்டு முன் மவுண்டிங்குக்கும் நடுவுல அரை மீட்டர்னு வெச்சா, 1,140 நியூட்டன் மீட்டர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 230 கிலோ விசையா மாறும், ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. பின் மவுண்டிங் இதுல கொஞ்சம் பங்கு எடுத்துக்கும், அதை இப்போ விட்டுடுவோம். ஒவ்வொரு மவுண்டிங் மேலயும் 100 கிலோ எடை உட்கார்ந்திருக்குன்னா, கிளீனர் சைடுல எடை 100 கீழ அமுக்குது, டார்க் 230 மேல தூக்குது. மிச்சம் 130 கிலோ ரப்பரை இழுக்குது. ரப்பர் அமுக்கினா தாங்கும், பக்கவாட்டுல நகர்த்தினாலும் ஓரளவு தாங்கும். இழுத்தா மட்டும் அது இரும்போட ஒட்டியிருக்கிற இடத்துல பிரிய ஆரம்பிக்கும். முன்னால போற வண்டிகள்ல கிளீனர் சைடு முதல்ல கிழியறதுக்கு இதுதான் காரணம்.

ரிவர்ஸ்ல எல்லாம் தலைகீழ். ஷாஃப்ட்டு எதிர்த்திசையில சுத்துறதால டிரைவர் சைடு எழும்பும். சேத்துல மாட்டினா நாம என்ன பண்ணுவோம்? ஃபர்ஸ்ட், ரிவர்ஸ், ஃபர்ஸ்ட், ரிவர்ஸ்னு ஊஞ்சல் ஆட்டுவோம். ஒரு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைச்சு உடைக்கிறோமே, அதையேதான் ரெண்டு மவுண்டிங்குக்கும் அப்போ செய்யறோம்.

ஒரு ஜீப்போட கேஸ்

கிளாஸ்மேட்டோட சித்தப்பாகிட்ட ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கு. காயரம்பேடு பக்கம் நிலத்துக்குப் போக வர, மழைக்காலத்துல தெருவுல தண்ணி நின்னா அக்கம்பக்கத்து ஆட்களை மெயின் ரோடு வரைக்கும் கொண்டு வந்து விட. ஒரே வருஷத்துல கிளீனர் சைடு மவுண்டிங் ரெண்டு தடவை மாத்தியாச்சு. மூணாவது தடவை கூடுவாஞ்சேரியில ஒரு சின்ன ஷெட்டுக்கு வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் கூட நின்னோம்.

அந்த ஷெட் அண்ணன் முதல்ல ஸ்பானரையே தொடல. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொடுத்து, "தம்பி, முதல்ல கழுவுங்க, அப்புறம் பேசலாம்"னாரு. அரை மணி நேரம் சேத்தைச் சுரண்டினதுக்கு அப்புறம் மூணு விஷயம் வெளிய வந்துச்சு. ஒண்ணு, டேப்பெட் கவர் கேஸ்கெட்ல இருந்து ஆயில் சொட்டி, நேரா அந்த ரப்பர் மேலயே இறங்கியிருக்கு. இயற்கை ரப்பருக்கு ஆயிலும் டீசலும் விஷம். ஊறி, உப்பி, விரல்ல கிள்ளினா வர்ற மாதிரி ஆயிடும். ரெண்டு, சேஸிஸ் பக்கத்து பிராக்கெட்ல போல்ட் ஓட்டையில இருந்து தலைமுடி மாதிரி ஒரு கிராக். மூணாவதுதான் முக்கியம்: பின்னாடி கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் எப்பவோ அமுங்கித் தட்டையாகி இரும்போட இரும்பு உட்கார்ந்திருக்கு. அதை யாருமே பார்க்கல, ஏன்னா அது கிழியல, சத்தமும் போடல.

கியர்பாக்ஸ் வால் பக்கம் கீழ இறங்கினதால இன்ஜின் மூக்கு தூக்கி, முன் மவுண்டிங் ரெண்டும் எப்பவும் கோணலா இழுபட்டுக்கிட்டே இருந்திருக்கு. புது ரப்பர் போட்ட முதல் நாளே அது பாதி சோர்ந்து போயிருக்கும். "ரப்பர் தானா சாகல தம்பி, சுத்தி இருக்கிறவங்க சேர்ந்து கொன்னுருக்காங்க"ன்னாரு அண்ணன். ஃபெயிலியர் அனாலிசிஸ் பத்தி ஒரு முழு செமஸ்டர் பாடத்தை விட எனக்கு அந்த ஒரு வரி பிடிச்சிருந்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, பானெட்டைத் திறந்து வைங்க. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக், ஃபுட் பிரேக் ரெண்டும் பிடிச்சுக்கிட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சைக் கடிக்கிற இடம் வரைக்கும் மட்டும் மெதுவா விடணும். இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு பார்க்கணும். வண்டிக்கு முன்னாடியோ பின்னாடியோ யாரும் நிற்கவே கூடாது, ஃபேன் பக்கம் கையைக் கொண்டு போகக் கூடாது. இன்ஜின் கொஞ்சம் சாயறது இயல்பு. கிளீனர் சைடுல ரப்பருக்கும் தகடுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது போயாச்சு. அப்புறம் இதையே ரிவர்ஸ்ல செய்ங்க, இப்போ டிரைவர் சைடைப் பாருங்க. நிறைய பேர் ஃபர்ஸ்ட்ல மட்டும் பார்த்துட்டு டிரைவர் சைடு நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க. ஃபர்ஸ்ட்ல அது அமுங்கித்தான் இருக்கும், ரெண்டா கிழிஞ்சிருந்தாலும் வெளிய தெரியாது.

பின் மவுண்டிங்குக்கு இந்த டெஸ்ட் போதாது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, அடியில போய், கியர்பாக்ஸுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவுல லீவர் கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்க்கணும். ரப்பரோட உயரம் புதுசுல எவ்வளவு, இப்போ எவ்வளவுன்னு அளந்தா இன்னும் நல்லது.

இதெல்லாம் சும்மா ஒரு 'டொக்' சத்தத்துக்காகவான்னு கேட்டா, 1971-ஐப் பாருங்க. அந்த வருஷம் டிசம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ் 1960-கள்ல செஞ்ச செவ்ரோலே வண்டிகள் சுமார் 67 லட்சத்தை ரீகால் பண்ணுச்சு. காரணம் இதே மவுண்டிங்தான். இடது பக்க ரப்பர் பிரிஞ்சா, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜின் எழும்பும். எழும்புற இன்ஜின் ஆக்ஸிலரேட்டர் லிங்கேஜை இழுக்கும். இழுத்தா த்ராட்டில் இன்னும் திறக்கும். திறந்தா இன்னும் எழும்பும். நீங்க காலை எடுத்தாலும் வண்டி போகும். இதுக்கு அவங்க செஞ்ச ரிப்பேர் என்ன தெரியுமா? இன்ஜின் ஓரளவுக்கு மேல எழும்பாம இருக்க ஒரு ஸ்டீல் கேபிளைக் கட்டி விட்டாங்க. ராணுவத்துக்கு செஞ்ச வில்லிஸ் ஜீப்லயும் இன்ஜின் முன்னும் பின்னும் நகராம இருக்க ஒரு கேபிள் உண்டு. பழைய ஜீப் ரீஸ்டோர் பண்றவங்க சிலர் அதை 'எதுக்குன்னு தெரியாத கம்பி'ன்னு கழட்டிப் போட்டுடுவாங்க. தயவுசெஞ்சு திரும்ப மாட்டுங்க.

எலெக்ட்ரானிக் பெடல் இருக்கிற வண்டியில த்ராட்டில் இழுபடுற ஆபத்து இல்ல. ஆனா இன்ஜின் குதிச்சா ரேடியேட்டர் ஹோஸ், எக்ஸாஸ்ட் பைப், கிளட்ச் பைப் எல்லாமே இழுபடும். ஃபேன் இன்ஜின்லயே மாட்டியிருந்தா ரேடியேட்டர்லயோ அதோட கவர்லயோ உரசும். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் ஃப்ளோர்ல இடிச்சு, ஏத்தத்துல நடுவுல லோ ரேஞ்ச் கழண்டு நியூட்ரல் ஆகலாம். அப்படி ஆனா இன்ஜின் பிரேக்கிங்கும் கூடவே போச்சு. ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி வளைவுல இதை யோசிச்சுப் பாருங்க.

கடினமா போட்டா நல்லதா?

ரப்பர் கிழியுதா, பாலியூரித்தேன் போடு, இல்லன்னா லேத்ல இரும்பு புஷ் கடைஞ்சு சாலிடா முடுக்கிடு. ஆஃப் ரோடு பண்ற பசங்க நடுவுல இது ஒரு ஃபேஷன். இங்க நம்ம வைப்ரேஷன் பேப்பர் உதவும்.

நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு வெடிப்பு. 750 ஆர்பிஎம் ஐடிலிங்னா நொடிக்கு 25 வெடிப்பு, அதாவது 25 ஹெர்ட்ஸ். மவுண்டிங் அதிர்வைக் குறைக்கணும்னா அதோட இயல் அதிர்வெண் இதை ரூட் 2-ஆல வகுத்த அளவுக்குக் கீழ இருக்கணும்: சுமார் 17.7 ஹெர்ட்ஸ். இயல் அதிர்வெண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எடையால ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குதோ அதோட ஸ்கொயர் ரூட்டால 15.8-ஐ வகுங்க. 4 மில்லிமீட்டர் அமுங்குற ரப்பருக்கு 7.9 ஹெர்ட்ஸ். ஜம்முனு விழுங்கும். கட்டியான ஒரு பாலியூரித்தேன் மவுண்டிங் 0.4 மில்லிமீட்டர்தான் அமுங்குதுன்னா? 25 ஹெர்ட்ஸ். அப்படியே ஐடிலிங் மேல போய் உட்காருது. ரெசனன்ஸ். விழுங்கறதுக்கு பதிலா அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். உண்மையில இன்ஜின் மேல கீழ மட்டும் ஆடாது, உருளவும் செய்யும், ரப்பரும் ஓடும்போது இன்னும் கொஞ்சம் விறைப்பாகும். ஆனா கணக்கு காட்டுற திசை இதுதான்.

ரெசனன்ஸையும் தாண்டி முழு சாலிடா போட்டா அதிர்வு பெருகாது, அப்படியே முழுசா சேஸிஸுக்குப் போகும். மவுண்டிங் பிழைச்சுக்கும். அதுக்கு பதிலா பிராக்கெட்டோ, பெல் ஹவுசிங்கோட அலுமினிய காதோ, வெல்டிங் ஓரமோ கிராக் விடும். ஒரு ரப்பரோட விலையையும் ஒரு பெல் ஹவுசிங்கோட விலையையும் ஜி.பி. ரோட்டுல விசாரிச்சுப் பாருங்க. சுலபமா மாத்தக்கூடிய பொருள் முதல்ல உடையறது நல்ல டிசைன். என் கருத்து இதுதான்: ரோட்டுலயும் ஓடுற வண்டிக்கு கம்பெனி ஸ்பெக் ரப்பரே போதும், எழும்புற அளவைக் கட்டுப்படுத்தணும்னா ஒரு கேபிளோ சின்னச் செயினோ தளர்வா கட்டிக்கலாம்.

பாஹா டீம் பசங்க இங்க சண்டைக்கு வருவாங்க. "எங்க பக்கில இன்ஜினை சாலிடாதானே போல்ட் பண்றோம்?" சரிதான், அங்க அதுக்கு வேற காரணம். பாஹா பக்கில ஒத்தை சிலிண்டர் இன்ஜின், அதுக்குப் பக்கத்துல சிவிடி பெல்ட். இன்ஜின் தனியா, கியர்பாக்ஸ் தனியா ஃப்ரேம்ல உட்காருது. ரப்பர்ல இன்ஜின் மட்டும் நகர்ந்தா ரெண்டு புல்லிக்கும் நடுவுல தூரம் மாறி பெல்ட் வழுக்கும். அதனால சாலிட். ஆனா அந்த அதிர்வு மொத்தத்தையும் நீங்க வெல்ட் பண்ணின டேப்தான் வாங்குது. ஒத்தைத் தகடுல ஒரு பக்கமா போல்ட் தொங்கவிடாம, ரெண்டு தகடுக்கு நடுவுல போல்ட் போற மாதிரி வெச்சு, கஸ்ஸெட் கொடுங்க.

மாத்துற வேலை

முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழட்டுறது. ஃபேன் கவர், ஏர் ஃபில்டர் ஹோஸ், எக்ஸாஸ்ட் இணைப்பு, லீவர் பூட் எல்லாத்தையும் தளர்த்திடுங்க, இல்லன்னா இன்ஜினைத் தூக்கும்போது அதுல ஒண்ணு கிழியும். செயின் பிளாக் இருந்தா லிஃப்டிங் ஹூக்ல மாட்டித் தூக்குறதுதான் சிறந்தது. ஜாக்கிதான்னா ஆயில் சேம்பர் நடுவுல நேரா வைக்காதீங்க, அது மெல்லிய தகடு, உள்ளே குழி விழுந்தா ஆயில் பம்பு உறிஞ்சுற இடத்தை அடைச்சிடும். அகலமான மரக்கட்டை போட்டு, ஓரம் தாங்குற மாதிரி வெச்சு, எடை இறங்குற அளவுக்கு மட்டும் தூக்குங்க. வண்டி ஸ்டாண்டு மேல நிற்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில போகக் கூடாது. இதுல விளையாட்டு வேண்டாம்.

ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் கழட்டணும். பின் மவுண்டிங்ல ஆரம்பிச்சா இன்ஜின் தன் சரியான கோணத்துக்கு வந்துடும், முன்னாடி ஓட்டைகள் தானா பொருந்தும். சித்தப்பா ஜீப்ல அப்படித்தான் நடந்துச்சு. பின்னாடி புதுசு போட்டதும் முன் போல்ட் கையால உள்ளே போச்சு. முன்னாடி ரெண்டு தடவையும் கம்பி வெச்சு நெம்பி, இழுத்துப் பிடிச்சு மாட்டியிருக்காங்கன்னு ஓட்டை ஓரத் தேய்மானத்துலயே தெரிஞ்சது. மூணையும் ஒரே செட்டா மாத்துறது நல்லது. ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா பழசு ரெண்டும் விடுற வேலையை அது தனியா சுமக்கும்.

பிராக்கெட் கிராக்கை மேல மட்டும் வெல்ட் ஓட்டி மூடக் கூடாது. கிராக் முனையில சின்ன ஓட்டை போட்டு நிறுத்தி, கிரைண்டர்ல வி வடிவத்துல குடைஞ்சு, அடி வரைக்கும் வெல்ட் இறங்கணும். இசியு இருக்கிற வண்டின்னா வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்ட் பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே போடுங்க, வண்டி கம்பெனி சொல்ற கனெக்டர்களைக் கழட்டிடுங்க. டீசல் லைன் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துக்கோங்க.

எல்லா நட்டையும் முதல்ல விரல் இறுக்கத்துல மட்டும் விடுங்க. ஜாக்கியை இறக்கி முழு எடையும் ரப்பர் மேல உட்காரட்டும். இன்ஜினை ரெண்டு பக்கமும் கையால ஆட்டி, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விட்டு ஆஃப் பண்ணுங்க. அது தனக்குப் பிடிச்ச இடத்துல உட்கார்ந்ததுக்கு அப்புறம் மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு முடுக்குங்க. முதல்லயே முடுக்கினா ரப்பர் முறுக்கின நிலையிலயே மாட்டிக்கும். பழைய நைலான் லாக் நட்டைத் திரும்பப் போடாதீங்க. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கிற எர்த் ஸ்ட்ராப்பையும் பாருங்க. ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது, ஸ்டார்ட்டர் கரண்ட் முழுக்க அந்தப் பட்டை வழியாத்தான் திரும்புது. இன்ஜின் குதிச்சுக் குதிச்சு அது பாதி அறுந்திருந்தா, மவுண்டிங் மாத்தின அடுத்த வாரம் வண்டி ஸ்டார்ட் ஆகாம நிற்கும். நீங்க பேட்டரியைத் திட்டுவீங்க.

அப்புறம் அந்த டேப்பெட் கவர் கேஸ்கெட். அதை மாத்தாம வண்டியை வெளிய விடக் கூடாது.

கடைசியா ஷெட் அண்ணன் ஒரு வெள்ளை பெயின்ட் டப்பா எடுத்துட்டு வந்து, முடுக்கின ஒவ்வொரு நட்டு மேலயும் பிராக்கெட் வரைக்கும் இழுத்து ஒரு கோடு போட்டாரு. 500 கிலோமீட்டர் ஓடினதும் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். கோடு நேரா இருந்தா ஸ்பானரே தேவையில்ல. ரெண்டா உடைஞ்சிருந்தா அந்த நட்டு நகர்ந்திருக்கு, திரும்ப முடுக்குங்க. அதுக்கு அடுத்த தடவையும் அதே நட்டு நகர்ந்திருந்தா முடுக்கறதை நிறுத்திட்டு, மண்ணெண்ணெய் பிரஷ்ஷை எடுங்க.